விரல் நீளத்தில் வாங்கிய மீன், மூன்றடி ஆனால் எங்கே விடுவீர்கள்?

அரோவானா, ஆஸ்கர், ரெட் டெயில், அலிகேட்டர் கார்... வீட்டுத் தொட்டியில் வேட்டை மீன் வளர்க்க நினைப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகள் பக்கம் போனால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவர்களைக் குழந்தைகள் கையில் பிடித்தபடி பைக்கில் ஏறுவார்கள். முன்பெல்லாம் அந்தக் கவருக்குள் இருந்தது பெரும்பாலும் கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ். இப்போது அதே கவருக்குள் நீள மூக்கும் கூர்ப்பல்லும் கொண்ட குட்டி ஒன்று முறைத்துக்கொண்டிருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் பாஷையில் அதற்குப் பெயர் 'மான்ஸ்டர் ஃபிஷ்'. மற்ற மீன்களை வேட்டையாடித் தின்று, பிரமாண்டமாக வளரும் வெப்பமண்டல மீன்களை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

அந்தக் குட்டியைச் சில நூறு ரூபாயிலேயே வாங்கிவிடலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. மீனின் விலை குறைவு. அது வளர்ந்த பிறகு தேவைப்படும் இடம், தண்ணீர், கரன்ட் எல்லாமே அதிகம். இந்தக் கணக்கைக் கடையில் யாரும் பில்லில் எழுதித் தருவதில்லை. நாம் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு சின்ன பெருக்கல்

நீங்கள் வாங்கும்போது மீன் 5 சென்டிமீட்டர். வளர்ந்து 60 சென்டிமீட்டர் ஆகிறது. எத்தனை மடங்கு வளர்ந்திருக்கிறது? '12 மடங்கு' என்று சொல்லத் தோன்றும். நீளத்தில் அது சரி. ஆனால், மீன் நீளத்தில் மட்டுமா வளர்கிறது? அகலத்திலும் உயரத்திலும் அதே அளவு பெருக்கிறது. 12 x 12 x 12 = 1,728. அதாவது, எடை ஏறக்குறைய 1,700 மடங்கு கூடியிருக்கும்.

எடை கூடினால் சாப்பாடு கூடும். சாப்பாடு கூடினால் கழிவு கூடும். குட்டியாக இருந்தபோது இரண்டடித் தொட்டியில் தெளிவாக இருந்த தண்ணீர், ஆறாவது மாதத்தில் நாற்றமடிக்க ஆரம்பிப்பதற்குக் காரணம் இதுதான். ஃபில்டர் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுவோம். ஃபில்டர் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், மீன்தான் அதற்கு மீறி வளர்ந்திருக்கும்.

'தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும்' என்பது உண்மையா?

மீன் வாங்கப் போன எல்லோருமே கேட்டிருக்கக்கூடிய வாசகம் இது. பாதி உண்மைபோலத் தெரிவதால்தான் இது இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

சின்னத் தொட்டியில் வளரும் பெரிய ரக மீன் சில நேரம் குட்டையாகவே நின்றுவிடும்தான். ஆனால், இடத்துக்கு ஏற்றபடி அது புத்திசாலித்தனமாகத் தன்னைச் சுருக்கிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். அழுக்குத் தண்ணீரும் இடநெருக்கடியும் அதன் வளர்ச்சியை முடக்குகின்றன. முதுகெலும்பு வளைவது, துடுப்பு அரிப்பது, தலையில் குழி குழியாகப் புண் வருவது, ஆயுள் பாதியில் முடிவது எல்லாம் அதன் பின்னாலேயே வரும். இறுக்கமான ஷூவைப் போட்டே வளர்த்த குழந்தையின் பாதத்தைப் பார்த்து, 'ஷூவுக்கு ஏற்றபடி கால் அழகாக வளர்ந்திருக்கிறது' என்று நாம் சொல்வோமா?

யார் யார் எவ்வளவு வளர்வார்கள்?

கடைகளில் அதிகம் கண்ணில் படும் வேட்டை மீன்களின் ஜாதகம் இதோ.

ஆஸ்கர்: தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. ஓராண்டுக்குள் 10 அங்குலத்தை எட்டிவிடும். முழு வளர்ச்சியில் ஓரடியைத் தொடும். ஆயுள் 10 ஆண்டுகளுக்கு மேல். வளர்ப்பவரை அடையாளம் கண்டுகொண்டு கண்ணாடிக்கு ஓடிவரும், கையிலிருந்து வாங்கிச் சாப்பிடும். தொட்டிக்குள் நீங்கள் வைத்த அலங்காரம் பிடிக்கவில்லை என்றால், வாயாலேயே இடம் மாற்றி வைக்கும். நான்கடிக்கு ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி என்ற தொட்டி (சுமார் 255 லிட்டர்) ஓர் ஆஸ்கருக்குப் போதும். இந்தப் பட்டியலில் சாதாரணக் குடும்பத்தால் ஒழுங்காக வளர்க்க முடிந்த மீன்களில் இது முக்கியமானது.

ஃபிளவர் ஹார்ன்: இயற்கையில் எந்த நதியிலும் இல்லாத மீன். 1990-களில் மலேசியாவில் பல சிக்லிட் வகைகளைக் கலந்து உருவாக்கியது. நெற்றியில் புடைத்திருக்கும் கொண்டைதான் இதன் அடையாளம். இதுவும் ஓரடி வரை வளரும். கோபக்காரர் என்பதால், தொட்டியில் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

சில்வர் அரோவானா: இதுவும் அமேசான்காரர்தான். நன்றாக வளர்த்தால் ஓராண்டிலேயே ஒன்றரை அடி; பிறகு மூன்றடி வரை போகும். காட்டில் வெள்ளக்காலத்தில் நீருக்கு மேலே தொங்கும் கிளைகளில் உள்ள பூச்சிகளைத் துள்ளிப் பிடித்துத் தின்பதுதான் இதன் பிழைப்பு. அந்தப் பழக்கம் உங்கள் ஹாலுக்கு வந்தாலும் போகாது. மூடியில்லாத தொட்டியில் அரோவானா வளர்ப்பவர், ஒருநாள் காலையில் அதைத் தரையில்தான் பார்ப்பார். மூடி இருந்தால் மட்டும் போதாது. கனமாக, கொக்கி போட்டு இருக்க வேண்டும். இந்த இனத்தில் ஓர் அழகான விஷயம்: முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்து வாரக்கணக்கில் காப்பது அப்பா மீன்.

ரெட் டெயில் கேட்ஃபிஷ்: கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, ஆரஞ்சு வால் என்று குட்டியில் கார்ட்டூன் மாதிரி இருக்கும். அதைப் பார்த்துதான் ஏமாறுவோம். இது நான்கு அடியைத் தாண்டக்கூடிய மீன். வாய்க்குள் போகும் எதையும் விழுங்கும்: கூட இருக்கும் மீன், கூழாங்கல், சில நேரம் ஹீட்டரின் ரப்பர் கப்பைக்கூட. இதற்கேற்ற கண்ணாடித் தொட்டி சாதாரண வீட்டுக்குள் வைக்கவே முடியாது. சிமென்ட் குளம்தான் கட்ட வேண்டும்.

அலிகேட்டர் கார்: முதலை மூக்கோடு இருக்கும் வட அமெரிக்க மீன். வளர்ந்தால் ஆறடி மனிதரைவிட நீளமாகிவிடும். இதன் முட்டை மனிதர்களுக்கு நச்சு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி சுவாசிக்கக்கூடியது என்பதால், ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் சாகாது. இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இன்னொரு வேடிக்கை, 'பிரானா' என்று சொல்லி விற்கப்படும் சிவப்பு வயிற்று மீன்களில் பல பிரானாவே கிடையாது. பாக்கு என்ற அதன் உறவுக்கார மீன். மீன் மார்க்கெட்டில் 'ரூப்சந்த்' என்ற பெயரில் நாம் குழம்பு வைக்கும் அதே மீன்தான். பழமும் கொட்டையும் கடிக்கத் தோதாகத் தட்டையான பற்கள் கொண்டது. இரண்டு அடிக்கு மேல் வளரும் என்பதால், இதற்கும் சின்னத் தொட்டி ஆகாது.

தரை தாங்குமா?

ஒரு சில்வர் அரோவானாவுக்குக் குறைந்தபட்சம் என்று பலரும் ஆரம்பிப்பது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டி. மீன் மூன்றடியை நெருங்கும்போது இதுவும் பத்தாது, திரும்புவதற்கு அகலம் வேண்டும். ஆனாலும், இந்த ஆரம்பத் தொட்டியையே எடை போட்டுப் பார்ப்போம்.

6 x 2 x 2 = 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக, சுமார் 680 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 12 மில்லிமீட்டர் தடிமனில் கண்ணாடி போட்டால் அது மட்டும் 120 கிலோவுக்கு மேல் வரும். இரும்பு ஸ்டாண்ட், கல், மணல் எல்லாம் சேர்த்தால் 850 கிலோவைத் தாண்டும். ஏறக்குறைய ஒரு சின்னக் கார் உங்கள் ஹாலில் ஒரு சுவர் ஓரமாக நிற்கிறது என்று அர்த்தம்.

குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். நம் தொட்டி உட்காரும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் குறிப்பிட்ட இடத்தில் விழும் சுமை, வடிவமைப்புக் கணக்கைப்போல மூன்று மடங்குக்கு மேல். உடனே தளம் இடிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. சுமை மற்ற இடங்களுக்கும் பரவும். ஆனால், மாடி வீடு என்றால் பீமுக்கு அருகில், சுவரை ஒட்டி வைக்கலாமா என்று ஒரு சிவில் இன்ஜினீயரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். தரைத்தள வீடுதான் நிம்மதி.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி. வீட்டு ஓனர் திடீரென்று காலி செய்யச் சொன்னால், சாமான்களை மினி லாரியில் ஏற்றிவிடலாம். மூன்றடி மீனை?

வாரம் 10 கேன், மாதம் 43 யூனிட்

பெரிய வேட்டை மீன் தொட்டியில் வாரம் 30 சதவிகிதம் தண்ணீர் மாற்றுவது அடிப்படை. 680 லிட்டரில் 30 சதவிகிதம் என்றால் 204 லிட்டர். நாம் வாங்கும் 20 லிட்டர் கேன் கணக்கில் பத்து கேன். ஒவ்வொரு வாரமும்! மே மாதத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் இருக்கிறீர்கள் என்றால், முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். வெளியேற்றும் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம் என்பது ஓர் ஆறுதல். அதில் நைட்ரேட் சத்து இருப்பதால் மாடித்தோட்டச் செடிகளுக்கு ஊற்றலாம். உப்போ மருந்தோ கலந்த தண்ணீராக மட்டும் இருக்கக் கூடாது.

புதிதாக ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் திரவம் கலந்தோ, திறந்த தொட்டியில் 24 மணி நேரம் வைத்தோ ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் என்றால் உப்பின் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்து கரன்ட். ஃபில்டர், காற்று பம்ப் இரண்டும் சேர்த்து 60 வாட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரமும் ஓடும்போது மாதம் 43 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதியை மீனே குடித்துவிடும்.

கரன்ட் போனால்? தண்ணீர் சூடாக இருக்கும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை கரையும். 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம்தான். பெரிய மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ அதிகம். அதனால், கோடை மதியத்தில் வரும் இரண்டு மணி நேர மின்வெட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். பல மணி நேரம் நின்றுபோன மூடிய ஃபில்டரை அப்படியே ஆன் செய்யவும் வேண்டாம். உள்ளே தேங்கிய கெட்ட தண்ணீரைக் கொட்டி, அலசிவிட்டுப் போடுங்கள்.

உறை ஊற்றாமல் தயிர் கிடைக்காது

தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அளவோடு இருந்தால் பரவாயில்லை. நாம் வாராவாரம் தண்ணீர் மாற்றுவது இந்த நைட்ரேட்டை வெளியேற்றத்தான்.

இந்த பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இருக்காது. அவை ஃபில்டரில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பாலை வைத்துவிட்டுக் காத்திருந்தால் தயிராகிவிடாது, கொஞ்சம் உறைமோர் விட வேண்டும் இல்லையா? அதேபோல, ஏற்கெனவே ஆரோக்கியமாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் ஸ்பான்ஜ் ஒன்றை வாங்கி உங்கள் ஃபில்டரில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். அதே காரணத்தால், ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயடியில் சோப்பு போட்டுப் 'பளிச்' என்று கழுவக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும்.

அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 40-க்குக் கீழே. இதைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் மீன் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. தண்ணீர் தெளிவாகத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது.

உயிருள்ள மீனைத்தான் போட வேண்டுமா?

வேண்டாம். தொட்டிக்குள் சின்ன கோல்டு ஃபிஷ்ஷை விட்டு, அது துரத்தி விழுங்குவதை வீடியோ எடுத்துப் போடுபவர்கள் உண்டு. லைக் வரலாம். அந்தச் சின்ன மீனோடு நோயும் சேர்ந்து வரும். கோல்டு ஃபிஷ், கெண்டை போன்றவற்றில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தொடர்ந்து அதையே தின்னும் மீனுக்கு நரம்புக் கோளாறு வரும்.

சிக்கன், மட்டன் கொடுப்பதும் சரியில்லை. பாலூட்டி, பறவைகளின் கொழுப்பை ஜீரணிக்கும்படி மீனின் உடல் அமையவில்லை. அது ஈரலில் போய்ப் படியும். மாமிசம் உண்ணும் மீன்களுக்கான பெல்லட்டைக் குட்டியிலிருந்தே பழக்கிவிடுங்கள். இடையிடையே ஓடு நீக்கிய இறால், மீன் துண்டு, மண்புழு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். குட்டிகளுக்குத் தினமும் சாப்பாடு. வளர்ந்த மீனுக்கு வாரம் மூன்று நாள் போதும். பசிப்பதுபோலத்தான் எப்போதும் பார்க்கும். மனம் இளக வேண்டாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் சில எச்சரிக்கைகள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. தொட்டி நீரில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் எளிதில் ஆறாத தோல் புண்ணை உண்டாக்கும். கையை உள்ளே விடும் முன் ஹீட்டர், மோட்டார் பிளக்கை எடுத்துவிடுங்கள். தொட்டிக்குப் போகும் மின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் தானாக நிற்கும் பிரேக்கர் இருக்கட்டும். வாலில் விஷமுள் கொண்ட நன்னீர் திருக்கை பக்கமே போக வேண்டாம்.

வாஸ்து மீன் இறந்தால் யார் காரணம்?

சீனர்கள் டிராகனின் சாயலைப் பார்த்த மீன் அரோவானா. பெரிய செதில், மீசை, நெளிந்து நீந்தும் அழகு. ஃபெங்சுயி வழியாக நம் ஊர் வாஸ்துவுக்குள் வந்து, கடை கல்லாவுக்குப் பக்கத்திலும் வீட்டு ஹாலிலும் இடம்பிடித்துவிட்டது. நம்பிக்கை அவரவர் உரிமை. அதில் தலையிட இந்தப் பகுதி முயலவில்லை.

ஆனால், அந்த நம்பிக்கையின் ஒரு பகுதி மட்டும் மீனுக்கு ரொம்பவே பாதகம். 'வாஸ்து மீன் இறந்தால், வீட்டுக்கு வர இருந்த கெட்டதை அது வாங்கிக்கொண்டு போய்விட்டது' என்பார்கள். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால், அதன் பிறகு யாரும் தண்ணீரைச் சோதிப்பதில்லை, தொட்டியின் அளவை யோசிப்பதில்லை. அதே தொட்டியில், அதே தண்ணீரில் அடுத்த மீன் வந்து இறங்குகிறது. 10 ஆண்டுகளைத் தாண்டி வாழ வேண்டிய மீன் பத்து மாதத்தில் இறந்தால், கண் திருஷ்டியைக் கேட்பதற்கு முன் அம்மோனியாவைக் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தங்கம், சிவப்பு நிறங்களில் விலை உயர்ந்து விற்கும் ஆசிய அரோவானா வேறு இனம். தென்கிழக்கு ஆசியாவின் ஆறுகளைச் சேர்ந்தது. காட்டில் அழிவின் விளிம்பில் இருப்பதால், சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலில் 1975 முதல் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்து, உடலுக்குள் மைக்ரோசிப் வைத்து, சான்றிதழோடு வரும் மீன்களுக்கு மட்டுமே சர்வதேச வணிகத்தில் அனுமதி. அமேசானின் ராட்சச மீனான அரபைமா இரண்டாவது பட்டியலில் இருக்கிறது.

இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியல் உயிரினங்கள் அதன் நான்காவது அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை உயிரோடு வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. புதிதாக வாங்கினால் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறொருவருக்குக் கொடுத்தாலும், மீன் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். எனவே, ஆசிய அரோவானா வாங்குபவர்கள் பில்லும் சான்றிதழும் இல்லாமல் வாங்கவே கூடாது. 'சார், பேப்பரெல்லாம் தேவையில்ல' என்று கடையில் சொன்னால், பிறகு பதில் சொல்லப்போவது கடைக்காரர் அல்ல, நீங்கள்.

'பாவம், ஏரியில விட்டுடலாம்'

மீன் தொட்டியைவிடப் பெரிதாகிவிட்டது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. கொல்ல மனமில்லை. அப்போது வீட்டில் யாராவது ஒருவர் சொல்லும் வாசகம் இது. சிலர் புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்திலும் விடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால், ஒரு ஏரிக்கு நாம் செய்யக்கூடிய மோசமான காரியங்களில் இதுவும் ஒன்று.

2023 மே மாதம் ஸ்ரீநகரின் தால் ஏரியில் செடிகளை அகற்றும் பணி நடந்தபோது, அலிகேட்டர் கார் ஒன்று சிக்கியது. அமெரிக்க மீன் காஷ்மீர் ஏரிக்கு நீந்தியா வந்திருக்கும்? கேரளாவில் 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆறுகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் பிடிபட்டன. வெள்ளம் வீட்டுத் தொட்டி, பண்ணைக் குளம் என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. மழைக்காலத்தில் தெருவெல்லாம் ஏரியாகும் சென்னைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் 'டேங்க் கிளீனர்' மீன் தெரியும்தானே? அதுவும் தென் அமெரிக்காக்காரர். தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது என்று வெளியே விட்டதன் விளைவு, இன்று தமிழகத்தின் பல ஏரிகளில் மீனவர் வலையில் கெண்டைக்குப் பதில் அதுதான் சிக்குகிறது. அதன் முள் கவசம் வலையைக் கிழிக்கிறது, மார்க்கெட்டில் வாங்க ஆளில்லை, கரையில் பொந்து தோண்டிக் குடும்பம் நடத்துகிறது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நம் நீர்நிலைகளில் பரவிவிட்டது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை இல்லாத ஏரியை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேட்டை மீன் இன்னும் ஒரு படி மேலே. அயிரை, உளுவை, குறவை, விரால் குஞ்சு என்று கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும். அதை வேட்டையாட அங்கே எதிரி இல்லை. அழுக்குத் தண்ணீரிலும் காற்றை விழுங்கி உயிர் வாழும் அலிகேட்டர் கார் மாதிரி மீனுக்கு நம் ஏரிகள் பிரச்னையே இல்லை. மாட்டிக்கொள்வது ஏரியை நம்பியிருக்கும் சின்ன மீன்களும், அந்தச் சின்ன மீன்களை நம்பி வலைவீசும் குடும்பங்களும்தான். புண்ணியக் கணக்கில் இதை எப்படி எழுதுவது?

அப்படியானால் என்ன செய்வது?

ஏற்கெனவே பெரிய மீன் வைத்திருந்து சமாளிக்க முடியவில்லை என்றால், முதலில் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். இலவசமாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பெரிய தொட்டி, சிமென்ட் குளம் வைத்திருக்கும் வளர்ப்பாளர்கள் சமூக வலைதளக் குழுக்களில் இருக்கிறார்கள். படம், அளவு போட்டுத் தத்து கேட்கலாம். மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் ஆலோசனை கேட்கலாம். குணப்படுத்தவே முடியாத நிலையில் மீன் துடிக்கிறது என்றால், வலியில்லாமல் விடைகொடுக்கும் வழியைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எந்த நிலையிலும் ஏரி, ஆறு, கோயில் குளம் மூன்றும் பட்டியலில் இருக்கக் கூடாது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடைக்குள் நுழையும் முன் இந்த ஆறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. இந்த மீன் முழுதாக வளர்ந்தால் எத்தனை அடி? (கடையில் கேட்டதை இன்னோர் இடத்திலும் சரிபாருங்கள்.)

2. அந்த அளவுக்கான தொட்டியை இன்றே வைக்க என் வீட்டில் இடமும் பணமும் இருக்கிறதா? 'அப்புறம் பெருசா வாங்கிக்கலாம்' என்ற பதில் செல்லாது.

3. வாரம் 200 லிட்டர் தண்ணீரை யார் மாற்றுவார்கள்? 'பையன் பார்த்துக்குவான்' என்றால், பையன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு?

4. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?

5. இது பதிவு செய்ய வேண்டிய இனமா?

6. பத்து வருடம் கழித்தும் இது உயிரோடு இருக்கும். அப்போது நான் எந்த ஊரில், எந்த வீட்டில் இருப்பேன்?

ஆறுக்கும் தைரியமாகப் பதில் வந்தால், ஆஸ்கரிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே ஒரு மீன், நல்ல ஃபில்டர், கனமான மூடி. இரண்டு ஆண்டுகள் அதை நன்றாக வளர்த்தவர், அரோவானாவைப் பற்றி யோசிக்கலாம்.

வேட்டை மீன்தான் வேண்டும், ஆனால் இடமில்லை என்பவர்களுக்கு நம் மண்ணிலேயே ஆள் இருக்கிறது. வயலிலும் குளத்திலும் வாழும் குறவை, விராலின் தம்பி. முக்கால் அடியில் இருந்து ஓரடிக்குள் நின்றுவிடும். காற்றைச் சுவாசிக்கும், பதுங்கிப் பாயும், குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காக்கும். துள்ளும் பழக்கம் இதற்கும் உண்டு என்பதால் மூடி மட்டும் மறக்கக் கூடாது. ரெட் டெயில்போல வண்ணம் காட்டாது. ஆனால், இரையைப் பார்த்ததும் அது அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடியை உங்கள் வீட்டுக் குழந்தை வாயைப் பிளந்து பார்க்கும்.

செல்லமாக வளர்க்கும் எந்த உயிரையும் அது குட்டியாக இருக்கும் வயதைப் பார்த்து வாங்காமல், வளர்ந்து நிற்கும் வயதைப் பார்த்து வாங்குவோம். உங்கள் வீட்டுத் தொட்டியில் இருப்பது யார், எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கமென்ட்டில் சொல்லுங்கள். அடுத்த வாரம் வேறொரு செல்லத்தோடு சந்திப்போம்.